யார் சொன்னது, எப்போது சொன்னது?

ஊக்கமருந்து பற்றிக் கட்டுரை எழுதும் பள்ளி மாணவர்கள் பலர், ‘தகவல்: இணையம்’ என்ற ஒற்றை வரியோடு முடித்துவிடுகின்றனர். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதற்கு அதில் விடையில்லை.

இத்துறையில் ஆண்டு இன்றியமையாதது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப் பட்டியல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு, ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் தடைசெய்யப்பட்டிருந்த காஃபீன் 2004இல் நீக்கப்பட்டது. மெல்டோனியம் 2016இல் சேர்க்கப்பட்டது. அம்மருந்தைப் பல்லாண்டுகள் உட்கொண்டுவந்த டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா, புதிய பட்டியலைப் பார்க்கவில்லை என்றார். மேல்முறையீட்டுக்குப் பிறகும் 15 மாதத் தடை எஞ்சியது. 2003ஆம் ஆண்டு நூலை மட்டும் நம்பும் மாணவரும் இவ்வாறே தவறுவார்.

சொன்னவர் யார் என்பதும் முக்கியம். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது, இத்தகவலால் ஆதாயம் யாருக்கு என்பதே. புரதப்பொடி விற்பவரின் விளம்பரமும் முகமையின் பட்டியலும் சம எடை கொண்டவை அல்ல.

சான்று காட்டுவது மதிப்பெண்ணுக்கான சடங்கன்று. பிறர் சரிபார்ப்பதற்கான வழி. அப்பழக்கம் பெற்ற மாணவர், நாளை விளையாட்டுத் திடலில் ஒருவர் பொடியை நீட்டும்போதும் இவ்விரு கேள்விகளைக் கேட்பார்.