நீளும் கை

அண்மையில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பழைய வீட்டில் நாட்டு ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே ஒருவர், ஏணியில் இருவர், சாரத்தின்மேல் ஒருவர் என்று கைமாறிக் கைமாறி ஏறிய ஓடுகள், முகப்பைத் தாண்டி உள்முற்றமான வளவைச் சுற்றிய கூரையைச் சென்றடைவதற்குள் நால்வருடைய தோளும் தளர்ந்துபோயின. உயர்த்துவது பாதிப் பிரயாசைதான். உயர்த்தியதை உள்ளே தள்ளிக் கொண்டுபோய் வைப்பது மீதிப் பாதி. ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற செட்டிநாட்டு வீட்டில் அந்த மீதிப் பாதியே பெரிது.

கிட்டங்கிகளில் ஓடும் சாதாரண ஃபோர்க்லிஃப்ட் இதற்கு உதவாது. அதன் இரும்பு முட்கள் செங்குத்தான சட்டத்தில் ஏறி இறங்குமேயன்றி, முன்னால் எட்டிக் கொடுக்க அறியா. இந்தக் குறையைத் தீர்க்க வந்ததே டெலிஹேண்ட்லர் என்னும் யந்திரம். நம் ஊரில் மண் தோண்டும் எந்த வண்டிக்கும் ஜேசிபி என்றே நாமகரணம் செய்துவிட்டோமே, 1945-இல் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு இங்கிலாந்தில் தொடங்கிய அந்தக் கம்பெனிதான் 1977-இல் ‘லோடால்’ என்ற பெயரில் இவ்வகை யந்திரம் ஒன்றை வெளியிட்டது.

ஓட்டுநர் அறை ஒரு பக்கமாய் ஒதுங்கியிருக்க, வண்டியின் பின்புறத்திலே கீல் கொண்டு, அதன் முழு நீளத்தையும் கடந்து முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புக் கைதான் இதன் விசேஷம். பெட்டிபோன்ற குழாய்க்குள் குழாயாக அடங்கிய அக்கையை, அழுத்தத்திலுள்ள எண்ணெய் ஒரு தண்டைத் தள்ள, அத்தண்டு வெளியே நீட்டுகிறது. மூன்று குழாய்கள் இருப்பின், இரண்டாவது நகரும்போதே சங்கிலி மூன்றாவதையும் இழுத்துக்கொண்டு போவதுண்டு. கை எந்தக் கோணத்தில் உயர்ந்தாலும் முட்கள் மட்டம் தவறாமலிருக்கத் தனியே ஓர் ஏற்பாடும் உண்டு.

இதன் தத்துவத்தை அறிய கிணற்றில் நீர் இறைக்கும் நம் ஏற்றத்தை நினைத்தால் போதும். ஏற்ற மரத்தின்மேல் மிதிப்பவர் முன்னே நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்குகிறது, பின்னே நடந்தால் ஏறுகிறது. ஆளின் எடை மாறவில்லை, அவர் நிற்கும் ஸ்தானம் மாறுகிறது. இங்கே முன் சக்கரங்களே ஏற்றக்கால். அவற்றுக்குப் பின்னுள்ள வண்டியின் கனம் ஒருபுறம், முட்களிலுள்ள சுமை மறுபுறம். கை நீள நீளச் சுமை முன்னே நடக்கிறது. முன் சக்கரத்திலிருந்து சுமையின் தூரம் இரட்டித்தால், கவிழ்க்கும் பலமும் இரட்டிக்கிறது. ஆகவேதான், அருகில் வைத்து 4 டன்னைச் சுலபமாய்த் தூக்குகிற பெரிய யந்திரம் ஒன்று, 12 மீட்டர் எட்டிப் பிடிக்கும்போது 1 டன்னுக்கே திணறுகிறது. எவ்வளவு நீட்டினால் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணையை ஓட்டுநர் கண்முன் ஒட்டியிருப்பதும், பெரிய வண்டிகளில் முன்னால் தாங்கு கால்கள் ஊன்றப்படுவதும் இக்காரணத்தாலே.

ஐரோப்பியப் பண்ணைகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கவும், கட்டட வேலைகளில் செங்கல்லை மாடிக்கு ஏற்றவும் இது பயன்படுகிறது. முட்களைக் கழற்றிவிட்டு வாளியோ கொக்கியோ மாட்டிக்கொள்ளலாம். கானாடுகாத்தானின் நேரான தெருக்களில் இது தாராளமாய் நிற்கும். பிரித்த வீட்டின் பர்மாத் தேக்குத் தூண்களைக் கீறலின்றி இறக்கவும் செய்யும். ஆனால் அரை டன் ஓட்டை ஒரே கட்டாகக் கொண்டுபோய்ப் பழைய கைமரத்தின்மேல் இறக்கினால் மரம் முறியும். பலமான சாரம் ஒன்றைத் தரையிலிருந்தே எழுப்பி, அதன்மேல்தான் இறக்கவேண்டும். அங்கிருந்து ஒவ்வோர் ஓடாய் எடுத்துப் பதிப்பதற்குக் கொத்தனார் கைதான்.