60 வயசை தாண்டியாச்சா? மாதம் ஒரு தடவை எடை பாருங்க!

"வயசானா உடம்பு இளைக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் உள்ளவர்கள் சாதாரணமாக விட்டு விடுகிறார்கள். ஆனால் காரணமே இல்லாமல் எடை இறங்கினால் அது நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

60 வயதை கடந்தவர்கள் ஆரோக்கியமாக இருந்தாலும் மாதம் ஒரு முறை எடை பார்த்து காலண்டரில் குறித்து வைப்பது நல்லது. 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் 100-க்கு 5 பங்கு குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57 கிலோ ஆகி விட்டால், டாக்டரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோய், காசநோய், தைராய்டு, புற்றுநோய், மனச்சோர்வு என எதுவும் காரணமாக இருக்கலாம். பல் இல்லாமல் மென்று சாப்பிட முடியாதவர்களுக்கும் எடை இறங்கும்.

இதய நோயாளிகள் தினமும்...

இதயம் பலவீனமாகி சிகிச்சை பெறுபவர்கள் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன்பு எடை பார்க்க வேண்டும். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, உடம்பில் தேங்கும் நீர். மூச்சு வாங்கும் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எப்படி பார்ப்பது?

எப்போதும் ஒரே மிஷினில், செருப்பை கழற்றிவிட்டு, கனமில்லாத உடையில் பார்க்க வேண்டும். வீட்டில் மிஷின் இல்லையா? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அம்மாவின் ஜாக்கெட் தொளதொளவென்று ஆனாலோ, அப்பாவின் மோதிரம் கழன்று விழுந்தாலோ மாதக்கணக்கு பார்க்காமல் அன்றே எடை போட்டுப் பாருங்கள்.