குளோரினுக்குத் தப்பிய கிருமி

குழாய்நீரிலே குளோரின் மணம் வீசினாற் போதும், கிருமிகள் யாவும் மாண்டொழிந்தன என்று நம்மிற் பலர் நம்பிவிடுகின்றோம். இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1955ஆம் ஆண்டு டெல்லி மாநகர் அறிந்துகொண்டது.

அவ்வாண்டு நவம்பரில் நஜாப்கார் என்னும் கால்வாயின் கழிவுநீர், யமுனை நதியிலே வசீராபாத் நிலையம் குடிநீர் எடுக்கும் இடத்தை வந்தடைந்தது. நிலையத்தார் வாளாவிருந்தாரல்லர்; குளோரினைக் கூட்டியே கலந்தனர். ஆயினும் டிசம்பர் பிறந்ததும் நகரிலே செங்கண்மாரி பரவத் தொடங்கிற்று. ஏறத்தாழ 29,300 பேர் கண்ணும் மேனியும் மஞ்சளித்துப் படுத்தனர். கருவுற்ற பெண்களை அந்நோய் மிகக் கொடிதாக வாட்டியது.

வியப்பு யாதெனில், அதே நீரைப் பருகிய மக்களிடையே நெருப்புக்காய்ச்சலோ வயிற்றுளைவோ பெருகவில்லை. அவற்றை விளைக்கும் பற்றீரியாக்களைக் குளோரின் கொன்றுவிட்டது. ஈரலைத் தாக்கும் வைரசு மட்டும் தப்பிக்கொண்டது. அது இன்னதென நெடுங்காலம் எவரும் அறிந்திலர். மிகையில் பலயான் என்னும் சோவியத் அறிஞர், இத்தகைய நோயாளரின் மலத்திலிருந்து எடுத்த சாரத்தைத் தாமே பருகி, நோயுற்று, அவ்வைரசின் துணிக்கைகளைத் தம் மலத்திலே கண்டு 1983இல் வெளியிட்டார். (படிக்கும்போதே அருவருப்புத் தோன்றும், ஆயினும் எத்துணைத் துணிவு!) இன்று அதனை ஈரலழற்சி 'ஈ' வைரசு என்பர். டெல்லியை வாட்டியதும் அதுவே எனப் பிற்கால ஆய்வாளர் கொண்டனர்.

பற்றீரியாவின் மென்சவ்வு சிதைந்தால் அது மடியும். நீரிலே பரவும் வைரசுகளுக்கோ பெரும்பாலும் அத்தகைய கொழுப்புறையே இல்லை. புரதக் கூட்டினுள்ளே பாரம்பரியப் பொருளை வைத்துப் பூட்டிய சிறு செப்புகள் அவை. இளம்பிள்ளைவாத வைரசின் குறுக்களவு, ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் அவற்றுள் ஏறக்குறைய முப்பது பங்கேயாம். மலத்துணுக்கிலோ மண்துகளிலோ அது ஒளிந்துகொண்டால் குளோரின் அதனை எட்டுவதரிது.

வைரசுகளுக்குள்ளும் ஒன்றுபோல் மற்றொன்றில்லை. கொக்சாக்கி பி5 என்பது இளம்பிள்ளைவாத வைரசிலும் கூடுதலாகக் குளோரினை எதிர்த்து நிற்கும். அடினோ வைரசோ குளோரினுக்கு எளிதில் அடங்கும். புறவூதாக் கதிருக்கு மட்டும் இலேசில் அடங்காது. அதன் பாரம்பரியப் பொருள் இரட்டை இழையாலானது. ஓரிழையைக் கதிர் பழுதாக்கினாலும், அது புகுந்த மனிதக் கலமே மற்றை இழையைப் பார்த்து அப்பழுதைச் செப்பனிட்டுவிடுகின்றது! வீட்டுக்காரனே கள்வனுக்குக் கத்தி தீட்டிக் கொடுப்பதை ஒக்கும் இது.

ஆகவே, வெள்ளம் புகுந்து கலங்கிய கிணற்றிலே வெளிற்றுத்தூளை அள்ளிக் கொட்டுவதாற் பயன் சிறிதே. முதலிற் கலங்கல் நீங்கவேண்டும். தெளிந்த நீரிலே லீற்றருக்கு அரை மில்லிகிராம் குளோரினாவது எஞ்சி, அரைமணி நேரமேனும் நிற்றல் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நீரிற் காரம் மிகினும் குளிர் மிகினும் குளோரினின் வலிமை குன்றும். இத்தனை கணக்கும் வேண்டாதது அடுப்பங்கரை முறைதான்: நீர் குமிழியிட்டுக் கொதித்து ஒரு நிமிடம் நின்றால், மேற்சொன்ன வைரசுகளுள் எதுவும் பிழைப்பதில்லை.