படகு மோட்டாருக்குப் பாட்டரி: தேர்வும் மின்னேற்றமும்

ஏரியிலும் நீர்த்தேக்கத்திலும் சிறு படகு வைத்திருக்கும் அங்கத்தினர் சிலர், எரிபொருட் செலவைக் குறைக்கக் கருதி மின்மோட்டாரை நாடுகின்றனர். நோக்கம் நன்றே. ஆயினும் மோட்டாரைப் பற்றிப் பலரிடம் விசாரிப்பவர், அதற்கு உயிரான பாட்டரியைப் பற்றி விசாரிப்பதில்லை.

நாம் ஒரு சங்கத்தைப் பார்வையிடச் சென்றபோது கண்டது இது. அங்கத்தினர் ஒருவர் கடன் பெற்று மோட்டார் வாங்கினார். மலிவு என்று கருதி லாரி பாட்டரி ஒன்றை அதனுடன் இணைத்தார். ஓர் அந்திப்பொழுதில் நடு நீரில் மோட்டார் நின்றது. துடுப்பும் எடுத்துச் செல்லாமையால், வேறொரு படகு வரும்வரை இருளில் காத்திருந்தார். நான்கு மாதத்தில் பாட்டரி போயிற்று. கடன் தவணை மட்டும் போகவில்லை.

பிழை தேர்விலேயே இருந்தது. லாரி பாட்டரி எஞ்சினைக் கிளப்புவதற்கென்று செய்யப்பட்டது. அதிலுள்ள மெல்லிய ஈயத் தகடுகள் சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரும். வண்டி ஓடத் தொடங்கியதும் செலவு ஈடுசெய்யப்படும். படகு மோட்டாரோ மணிக்கணக்கில் மின்சாரம் வாங்குவது. இதற்குத் தடித்த தகடுகளையுடைய ‘டீப் சைக்கிள்’ பாட்டரியே ஏற்றது. இன்வெர்ட்டருக்குரிய டியூபுலர் பாட்டரியும் ஆழ்ந்து வடிவதைத் தாங்கும். ஆனால் கனமும் உயரமும் மிக்கது. படகு சாய்ந்தால் திராவகம் சிந்தக்கூடும். மூடிய ‘ஏ.ஜி.எம்.’ வகையில் அக்கவலை இல்லை. சேலைக்கு ஏற்ற நம்பர் நூலைத் தேரும் நெசவாளர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அடுத்தது அளவு. முழு வேகத்தில் 30 ஆம்பியர் வாங்கும் 12 வோல்ட் மோட்டார் ஒன்றைக் கொள்வோம். மெதுவாக 10 ஆம்பியரில் 3 மணி நேரம் ஓடினால் 30 ஆம்பியர்-மணி. முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் 15. ஆக மொத்தம் 45. ஈயப் பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே இப்பயணத்திற்கு 100 ஆம்பியர்-மணிப் பாட்டரி வேண்டும். பாட்டரியின் மீது குறித்துள்ள அளவு பெரும்பாலும் 20 மணி நேரம் மெதுவாக எடுக்கும் கணக்கு. விரைவாக எடுத்தால் அவ்வளவு கிடைக்காது என்பதையும் நினைவிற் கொள்க.

லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டுப் பாட்டரியின் எடை ஈயப் பாட்டரியில் பாதிக்கும் குறைவு, கொள்ளளவில் 80 சதவிகிதம் வரை எடுக்கலாம், ஆயுளும் பன்மடங்கு. முதல் விலை மிகுதி. அதற்குரிய சார்ஜரும் வேண்டும். நாள்தோறும் படகு ஓட்டுவோர் இரண்டின் செலவையும் ஆண்டுக் கணக்கில் ஒப்பிட்டு முடிவு செய்க.

இனி மின்னேற்றம். கரை சேர்ந்த அன்றே சார்ஜ் ஏற்ற வேண்டும். வடிந்த ஈயப் பாட்டரியை அப்படியே விட்டால், தகடுகளில் ஈயச் சல்பேட்டு இறுகிப் படிந்து, பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் பழைய வலிமை மீளாது. நாம் கண்ட அங்கத்தினர் வாரம் ஒருமுறையே ஏற்றினாராம்.

100 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு 10 ஆம்பியர் சார்ஜர் போதும். சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிரம்பியதும் தானே 13.5 வோல்ட் அளவிற்குத் தாழும் சார்ஜர் நல்லது. நிரம்பும் தறுவாயில் ஏற்றம் மெதுவாகும். ஆதலின் இரவு முழுவதும் விடுக. சில மணி நேரம் ஓய்ந்தபின் அளந்தால், ஈயப் பாட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டின் நிறைவு, 12.2 எனின் ஏறக்குறையப் பாதி.

மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றில் 4 சதவிகிதம் கலந்தாலே தீப்பற்றும். எனவே காற்றோட்டமுள்ள இடத்திலேயே ஏற்றுக. அருகில் பீடியும் தீக்குச்சியும் ஆகா. நீர் ஊற்றும் வகையில், ஏற்றி முடிந்தபின் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக, திராவகம் ஊற்றற்க. படகில் பாட்டரியைப் பெட்டியில் வைத்துக் கட்டி, அதன் அருகிலேயே பியூசு அமைக்க வேண்டும்.

எத்தனை பாட்டரி இருப்பினும் துடுப்பு ஒன்றைப் படகில் வைத்திருப்பது அறிவுடைமை. கடன் மனுவில் மோட்டாரின் விலையோடு தக்க பாட்டரி, சார்ஜர் ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே குறிக்குமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.