வீடுதோறும் ஆலயம் கண்ட பேராயர்

மலேசியருள் முதன்முதலாகக் கர்தினால் பதவியை அடைந்தவர் அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் என்பதைப் பத்திரிகைகள் பெருமிதத்தோடு எழுதின. ஆனால் 2016 நவம்பர் 19ஆம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அப்பதவிக்கு உயர்த்தியபோது அவருக்கு வயது 84 என்பதையும், எண்பதைக் கடந்த கர்தினால்களுக்குப் பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை இல்லை என்பதையும் எண்ணிப் பார்ப்போமாயின், அது இனி வகிக்கப்போகும் அதிகாரத்துக்காக அன்றி, ஏற்கெனவே ஆற்றி முடித்த தொண்டுக்காக வந்த கௌரவம் என்பது விளங்கும். அத்தொண்டே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் 1932இல் பிறந்த அவர், 1966இல் குருப்பட்டமும் 1978இல் பினாங்கு ஆயராக அபிஷேகமும் பெற்று, 1983 முதல் 2003 வரை இருபது ஆண்டுகள் கோலாலம்பூர்ப் பேராயராக விளங்கினார். சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங், திரெங்கானு ஆகிய மாநிலங்களையும் தலைநகரையும் தன்னுள் அடக்கிய விசாலமான மறைமாவட்டம் அது.

1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாத காலம் ஒன்றுகூடி, திருச்சபை எவ்வழியில் புத்துயிர் பெறவேண்டும் என்று ஆலோசித்தார்கள். குருவையும் பலிபீடத்தையும் மட்டுமே சுற்றிச் சுழலாமல், விசுவாசிகளின் இல்லங்களில் வேரூன்ற வேண்டும் என்ற அந்தத் தீர்மானத்தைப் பெர்னாண்டஸ் தம் ஆயுள்காலப் பணியாகவே ஏற்றுக்கொண்டார். அதன் பலனைச் சுபாங் ஜெயாவில் இன்றும் காணலாம். புனித தாமஸ் மூர் ஆலயத்துக்கு ஞாயிறுதோறும் திரளும் ஜனங்கள், வாரநாளின் இரவில் அக்கம்பக்கத்தாராகச் அன்பியங்கள் எனப்படும் சிறு சிறு குழுக்களாய்ப் பிரிந்து, ஏதேனும் ஒரு வரிசை வீட்டின் கூடத்தில் கூடுகிறார்கள். வாசற்கதவருகே செருப்புகள் குவிந்து கிடக்க, உள்ளே தமிழரும் சீனரும் ஒரே வேதபாகத்தை வாசித்துத் தியானித்தபின், எந்த வீட்டில் யார் நோயுற்றிருக்கிறார், யாருக்கு வேலை போயிற்று என்று விசாரித்து, மறுநாள் யார் போய்ப் பார்ப்பது என்றும் முடிவு செய்துகொண்டு, தேநீர் பருகிக் கலைகிறார்கள். இதைக் காட்டிலும் உயர்ந்த திருச்சபைப் பணி உண்டென்று நான் நினைக்கவில்லை.

‘நீதியும் சமாதானமும்’ என்பதைத் தம் இலட்சிய வாசகமாகக் கொண்ட பேராயர், தம் மந்தையோடு நின்றுவிடவில்லை. பௌத்த, இந்து, சீக்கியத் தலைவர்களோடு கிறிஸ்தவர்களும் ஒரே மேசையில் அமரும் ஆலோசனை மன்றம் அவர் பேராயரான அதே 1983இல் உருவாயிற்று. சமயங்களுக்கிடையிலான அந்த உறவை வளர்ப்பதில் அவர் மிகுந்த சிரத்தை கொண்டார். 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கை என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டபோது, கைதானவர்களுள் திருச்சபை ஊழியர்களும் இருந்தார்கள். பலர் மௌனம் காத்த அந்நாளில், விசாரணையின்றிச் சிறையிடும் சட்டத்தை எதிர்த்து அவர் பகிரங்கமாகக் குரல் கொடுத்தார்.

ஓய்வு பெற்றபின் பினாங்குக் குருமடத்தில் மாணவர்களுக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருந்தார். நாவில் புற்றுநோய் கண்டு, செராஸில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் 2020 அக்டோபர் 28இல் காலமானார். மூன்றாண்டுகளுக்குப்பின் மலேசியாவுக்கு வாய்த்த அடுத்த கர்தினால் செபஸ்தியான் பிரான்சிஸ், பெர்னாண்டஸ் முதன்முதலில் ஆயராய் அமர்ந்த அதே பினாங்கின் ஆயரே ஆவார்.