பிரம்பும் பிஸ்கோத்தும்

"அடியாத மாடு படியாது" என்று நம்மவர் சொல்வதுண்டு. மாட்டின் விஷயம் எப்படியோ, நாயின் விஷயத்தில் அது செல்லாது என்பதை மேல்நாட்டுப் பந்தயக் களங்களில் கண்கூடாகக் காணலாம்.

இங்கிலாந்தில் 1891-ஆம் ஆண்டு சார்லஸ் கிரப்ட் என்பவர் தம் பெயரால் ஒரு நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார். 1978-இல் அக்கண்காட்சியில், ஜனங்களின் பொழுதுபோக்குக்காக ஒரு புதிய வேடிக்கை காட்டப்பட்டது. குதிரைகள் வேலி தாண்டுவது போல நாய்கள் தாண்டின. அந்த வேடிக்கையே 'அஜிலிடி' என்னும் பந்தயமாக வளர்ந்து இன்று பல தேசங்களில் நடைபெறுகிறது.

இதில் நாய் வேலிகளைத் தாண்ட வேண்டும். குழாய்க்குள் புகுந்து வெளிவர வேண்டும். வரிசையாக நட்ட பன்னிரண்டு கழிகளினூடே பாம்பு போல் வளைந்தோட வேண்டும். சரிவுப் பலகையின் அடிப்பகுதியில் வேறு நிறம் பூசியிருக்கும். அதில் ஒரு பாதமேனும் படாமல் குதித்தால் குற்றம். எஜமானர் கூடவே ஓடலாம். ஆனால் நாயைத் தொடலாகாது. கையில் வாரும் இல்லை, கம்பும் இல்லை. தின்பண்டம் காட்டவும் அநுமதியில்லை. நாய் தானாக விரும்பி ஓடினால்தான் உண்டு!

அந்த விருப்பத்தை உண்டாக்குவது எப்படி?

ஜெர்மானியரான கான்ராட் மோஸ்ட் 1910-இல் எழுதிய பயிற்சி நூல் கட்டாயத்தையே பெரிதும் நம்பியது. ஆனால் அதற்கு முன்பே, 1898-இல், அமெரிக்கரான தார்ண்டைக், பூனைகளையும் நாய்களையும் கூண்டில் வைத்துப் பரிசோதித்து, இன்பம் தரும் செய்கையையே பிராணி மீண்டும் செய்யும் என்று கண்டிருந்தார். ஸ்கின்னர் அவ்வாராய்ச்சியை மேலும் விரிவாக்கினார். அவருடைய மாணாக்கர்களான பிரெலண்டு தம்பதிகள் 1947-இல் பிராணிகளைப் பழக்குவதையே ஒரு தொழிலாக நடத்தினர். பின்னர் ஹவாய்த் தீவில் காரென் பிரையர் என்னும் மாது டால்பின்களை இவ்வழியிலேயே பழக்கினார். டால்பினை அடிக்க ஓங்கினால் அது நீந்திப் போய்விடாதா? அங்கே பிரம்புக்கு வேலையே இல்லை.

முறை எளிது. விரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் சிறு கருவி ஒன்று, 'கிளிக்கர்' என்பார்கள். ஒலி எழுந்ததும் ஒரு துண்டு தின்பண்டம். சில தடவைகளிலேயே 'டிக்' என்றால் பரிசு என்று நாய் அறிந்துகொள்ளும். பிறகு நாய் கழியைப் பார்த்தால் ஒரு 'டிக்'. அதன் அருகே போனால் ஒரு 'டிக்'. இரண்டு கழிகளின் நடுவே நுழைந்தால் மீண்டும் ஒன்று. இவ்வாறு இரண்டு நான்காகி, நான்கு பன்னிரண்டாகும். ஒலி அந்தக் கணத்திலேயே எழ வேண்டும். சற்றுத் தாமதித்தால், நாய் வேறெதையோ செய்ததற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். பாடம் சில நிமிஷங்களே. நாய்க்கு ஆசை மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். சில நாய்களுக்குத் தின்பண்டத்தைவிடக் கயிற்றை இழுத்து விளையாடுவதே பெரும் பரிசு. நன்கு பழகியபின் ஒவ்வொரு முறையும் பரிசு தேவையில்லை; எப்போது வரும் என்று தெரியாததே உத்ஸாகத்தைக் காத்துவைக்கும்.

அடியினால் நேர்வதென்ன? தவறானது இன்னது என்று நாய் ஒருவாறு அறியலாம். சரியானது எது என்று அறிவதில்லை. வாலை ஒடுக்கி, காதைத் தாழ்த்தி, எதையும் முயன்று பாராமல் நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் கீழ்ப்படிதற் போட்டிகளிலே, நாய் பிழையின்றிச் செய்தால் மட்டும் போதாது, மகிழ்ந்து செய்ய வேண்டும் என்பதும் விதி.

இதை எழுதுகிறவன் ஓர் உபாத்தியாயன். பள்ளியில் பிரம்பு கூடாது என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்துவிட்டது. நானும் பிரம்பைத் தொடுவதில்லை; ஆனால் நாக்கு இருக்கிறதே! எட்டுப் படிகள் உள்ள கணக்கில் ஏழைச் சரியாகப் போட்டு, எட்டாவதில் தவறிய சிறுவனை ஒருநாள் வகுப்பின் முன் 'முட்டாள்' என்றேன். அதன் பிறகு வெகு நாள் அவன் கரும்பலகை அருகே வரவில்லை. அந்த ஏழு படிகளுக்கும் நான் ஒரு 'டிக்' கூடக் கொடுக்கவில்லை.

அச்சத்தால் பணிய வைப்பது ஆட்சியாகாது என்று அந்நியருக்கு எடுத்துரைத்து விடுதலை பெற்ற நாடு நம்முடையது. அந்தப் பாடத்தை நம் வீட்டு முற்றத்திலும் வகுப்பறையிலும் நாமே மறக்கலாமா? சென்ற வாரம் அச்சிறுவனை அழைத்து, முதற்படியை மட்டும் பலகையில் எழுதச் சொன்னேன். எழுதினான். "பேஷ்!" என்றேன். கேளாமலே இரண்டாம் படியையும் எழுதினான்.