கேஷ் ஃபைலுக்கு யார் ஓனர்? நெட்-எஸ்என்எம்பி கத்துக்கொடுத்த பாடம்

லினக்ஸ்ல நெட்வொர்க் மானிட்டரிங் செட்டப் பண்ணவங்க, 'எம்ஐபி இண்டெக்ஸஸ்'னு ஒரு டைரக்டரி தானா முளைச்சு நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அது எதுக்கு, அதோட பர்மிஷன்ல அப்படி என்ன இருக்கு? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

ரவுட்டர், சுவிட்ச் எல்லாம் எஸ்என்எம்பி மூலமா தகவல் தரும்போது ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் வச்சிருக்கும். 1.3.6.1.2.1.2.2.1.10-ன்னா, ஒரு போர்ட் வழியா உள்ளே வந்த பைட் கணக்கு. எந்த எண்ணுக்கு எந்தப் பேருன்னு சொல்ற அகராதிதான் எம்ஐபி ஃபைல். லிப்ரெஎன்எம்எஸ், நாகியோஸோட எஸ்என்எம்பி செக் எல்லாம் உள்ளுக்குள்ள கூப்பிடுறது நெட்-எஸ்என்எம்பி கமாண்டுகளைத்தான்.

ஒவ்வொரு தடவையும் எல்லா ஃபைலையும் திறந்து, உள்ளே எந்த மாட்யூல் இருக்குன்னு பார்க்க நேரமாகும். அதனால பழைய வெர்ஷன்கள் 'இந்த மாட்யூல் இந்த ஃபைல்ல'ன்னு ஒரு இண்டெக்ஸ் எழுதி வச்சுக்கும். எம்ஐபி டைரக்டரியோட மாற்ற நேரம் இண்டெக்ஸைவிடப் புதுசா இருந்தா, மறுபடி தேடிப் புதுசா எழுதும். நல்ல ஐடியா மாதிரிதானே தெரியுது?

சிக்கல் இங்கதான். அந்த இண்டெக்ஸ், முதல்ல கமாண்டை ஓட்டினவங்க பேர்ல உருவாகும். நீங்க சூடோ போட்டு ஒரு எஸ்என்எம்பிவாக் ஓட்டினா ஓனர் ரூட். அப்புறம் மானிட்டரிங் யூசரால அதைத் தொட முடியாது. வேலை நிக்காது, ஆனா கேஷோட பலன் போயிடும். உடனே நிறைய பேர் பண்றது சிஎச்மாட் 777. தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க.

ஏன்னா, சாதாரண யூசர் எழுதக்கூடிய டைரக்டரியில ரூட்டும் வந்து எழுதினா, அங்க ஒரு சிம்லிங்க் போட்டு வச்சாலே போதும். ரூட் கேஷ்ல எழுதுறதா நினைச்சு, அந்த லிங்க் காட்டுற வேற ஏதோ ஃபைல்ல எழுதிடும். 2020-ல நெட்-எஸ்என்எம்பியில வெளிவந்த ஓட்டையே இந்த மாதிரிதான்: சிவிஇ-2020-15861. சர்வீஸ் அக்கவுண்ட் கையில இருந்தா ரூட் வரைக்கும் ஏறலாம்.

அதை எப்படிச் சரி பண்ணாங்க தெரியுமா? பர்மிஷனை இறுக்கல. இண்டெக்ஸ் ஃபைலையே தூக்கிட்டாங்க. டைரக்டரியில என்ன இருக்குன்னு கேஷ் பண்றது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட வேலை, நம்ம வேலை இல்லைன்னு முடிவு.

நீங்க செய்ய வேண்டியது மூணு. ஒண்ணு, பேக்கேஜை அப்டேட் பண்ணுங்க. டிஸ்ட்ரோக்கள் பழைய வெர்ஷனுக்கும் பேட்ச் கொடுத்திருக்கு, அதனால வெர்ஷன் எண்ணை மட்டும் பார்க்காம சேஞ்ச்லாகையும் பாருங்க. ரெண்டு, டெஸ்ட் பண்ணும்போது ரூட்டா ஓட்டாதீங்க. சூடோவுக்கு மைனஸ் யூ கொடுத்து மானிட்டரிங் யூசராவே ஓட்டுங்க. மூணு, ஸ்கிரிப்ட்ல எண்ணையே நேரா கொடுக்குறீங்கன்னா, மைனஸ் எம்-க்கு வெறும் கோட்ஸ் கொடுங்க. எம்ஐபி எதுவுமே லோடு ஆகாது.

அடுத்த தடவை எந்த டூல்லயாவது 'பர்மிஷன் டினைட்' வந்தா, 777-க்குக் கை போறதுக்கு முன்னாடி ஒரு எல்எஸ் மைனஸ் எல் அடிச்சு ஓனர் யாருன்னு பாருங்க. இங்க யாரெல்லாம் எழுதுறாங்கன்னு யோசிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!